தறிக்குழியும் முழங்காலும்: ஒரு நெசவாளரின் மூட்டு மாற்று சிகிச்சை (நிகழ்வு ஆய்வு)

இந்த ஆய்வில் வரும் நோயாளி காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டு நெசவாளர். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், சர்க்கரை நோய் மருத்துவர், இயன்முறை மருத்துவரான நான் என நான்கு பேர் அவரைக் கவனித்தோம். மூட்டு மாற்று என்றதும் வீட்டார் பேச்சு ‘எந்தக் கம்பெனி மூட்டு, ரோபோவா கையாலா’ என்றுதான் ஆரம்பிக்கிறது. இவருடைய விஷயத்தில் பெரும்பாலான முடிவுகள் தறியைப் பார்த்த பிறகுதான் தெளிவாயின. பதிவு செய்யத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

பின்னணி

வயது 62. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு அப்பாவின் தறியில் உட்கார்ந்தவர்; இன்றுவரை அதே தொழில். வீட்டுக் கூடத்தில் ஒரு குழித்தறி. மனைவி ராட்டையில் தார் (குறுக்கு நூல் சுற்றிய கண்டு) சுற்றித் தருவார். மகன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடாத நாளில் வருமானம் இல்லை.

இடது முழங்காலில் எட்டு வருடமாக வலி, வலது காலில் மூன்று வருடமாக. சர்க்கரை நோய் பதினோரு வருடமாக உண்டு. மாத்திரை எடுக்கிறார், ஆனால் ரத்தப் பரிசோதனை எப்போதாவதுதான். வலிக்கு மருந்துக் கடையில் ‘முட்டி வலி’ என்று சொல்லி வாங்கிய மாத்திரைகள், தினமும் ஒன்று, வேலை அதிகமென்றால் இரண்டு. எங்களிடம் வருவதற்கு ஐந்து வாரம் முன்னால் வேறொரு இடத்தில் இடது மூட்டுக்குள் ஊசி போட்டிருந்தார்கள். சீட்டைப் பார்த்தோம், ஸ்டீராய்டு. இரண்டு வாரம் நன்றாக இருந்ததாம். பிறகு பழைய வலியே திரும்பிவிட்டது.

பங்குனி மாதம் எங்களிடம் வந்தபோது இரண்டு காலையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும், அதுவும் அந்த மாதமே, என்ற முடிவோடு வந்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இரண்டு காலும் ஒரே தடவையில் செய்து அவர் நன்றாக நடக்கிறார் என்பதும் ஒரு காரணம்.

முதல் பரிசோதனையில் கண்டது

இடது கால் வில்லாக வளைந்திருந்தது. நின்ற நிலையில் எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேயில் வளைவு 14 டிகிரி. மூட்டின் உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. முழங்கால் சில்லின் பின்புறமும் மூட்டின் வெளிப்பக்கமும் தேய்ந்திருந்தன. முழுதாக நீட்ட முடியாமல் 15 டிகிரி மடங்கியே நின்றது. மடக்கும்போது 105 வரை போனது. வலது காலில் வளைவு 8 டிகிரி. நீட்டுவதில் குறை மிகக் குறைவு, மடக்கம் 120. முன்தொடைத் தசை இரண்டு பக்கமும் மெலிந்திருந்தாலும் இடது பக்கம் கண்ணுக்கே தெரிந்தது. இடுப்பு மூட்டிலும் முதுகிலும் வலிக்குக் காரணம் எதுவும் இல்லை.

வலி, நடை, படி ஏறுவது, உட்கார்ந்து எழுவது என்று பன்னிரண்டு கேள்விகள் கேட்டு 48-க்கு மதிப்பெண் போடும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் அளவுகோலில் அவருக்கு 14. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 விழுக்காடு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.5, சற்று அதிகம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. இதய எக்கோ வயதுக்கேற்றபடி.

மூட்டு மாற்று தேவைதான் என்பதில் சந்தேகமே இல்லை. உள்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்றுக்கு இந்த அளவு வளைவும், நீட்ட முடியாமல் மடங்கி நிற்பதும் இடம் தரவில்லை. எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சைக்கும் காலம் கடந்துவிட்டது. எப்போது செய்வது, எத்தனை காலில் செய்வது, எந்த அளவுக்கு நேராக்குவது, அதன் பிறகு அவர் எதற்குத் திரும்பப் போகிறார் என்பவைதான் பாக்கி.

தறியைப் பார்த்தோம்

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தறி தரையோடு தரையாக இருக்கும். நெசவாளர் தரை மட்டத்திலோ சிறு பலகையிலோ உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். முன்னால் நெய்த துணி சுருட்டும் கட்டை, அவருடைய தொடைக்கு மேலே குறுக்காக இருக்கும்.

‘தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்’ என்று மட்டும் குறிப்பு எழுதியிருந்தால், சம்மணம் போடும் அளவுக்கு மடக்கம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருப்போம். அவரிடம் கேட்டபோது சொன்னது வேறு: “உக்காந்துட்டா வலி இல்ல சார். எறங்கும்போதும் எழுந்திரிக்கும்போதும்தான் உயிர் போவுது.” சரி, அதைப் பார்த்துவிடுவோம் என்று மகனிடம் கைப்பேசியில் படம் பிடித்து வரச் சொன்னேன். அரை மணி நேர வேலை, நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் திரும்பி வந்து உட்காருவது. அவ்வளவுதான் கேட்டது.

அந்த வீடியோவை அறுவை சிகிச்சை நிபுணரும் நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மிதிக்கும்போது முழங்கால் ஏறக்குறைய 70-க்கும் 95-க்கும் நடுவில்தான் ஆடியது. நாற்காலியில் உட்காருவதற்கு வேண்டிய அளவுதான் அது. சிரமமெல்லாம் வெளியே வருவதில். கட்டை குறுக்கே இருப்பதால் இருந்த இடத்திலேயே எழ முடியாது. புட்டத்தை நகர்த்தி, கையால் இடது காலைத் தூக்கி வெளியே போட்டு, குப்புறத் திரும்பி, இடது முழங்காலை மண்டியிட்டு அதன் மேல் முழு எடையையும் வைத்து, தறிக்காலைப் பிடித்து எழுந்தார். வலது காலை முதலில் ஊன்ற வேண்டியிருப்பதால் மண்டியிடும் முறை எப்போதும் இடதுக்கே.

எத்தனை தடவை எழுவீர்கள் என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: எட்டு, பத்து தடவை இருக்கும். எதற்கு? சிறுநீர் கழிக்க. சர்க்கரை ஏறியிருப்பதால் அடிக்கடி போகிறது. ஒவ்வொரு முறையும் மண்டியிட்டு எழ வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். தண்ணீரும் இல்லாமல் வலி மாத்திரையும் தினமும் போனால் கிரியாட்டினின் ஏறாமல் என்ன செய்யும்? மூட்டு, சர்க்கரை, சிறுநீரகம் என்று மூன்று சீட்டில் எழுதியிருந்தவை ஒரே சங்கிலி என்பது அந்த ஒரு பதிலில் விளங்கியது.

வீட்டையும் அதே கைப்பேசியில் பார்த்தோம். வாசலில் திண்ணையை ஒட்டி ஓர் உயரமான கல் படி. கழிப்பறை கொல்லைப்புறத்தில், இரண்டு படி இறங்க வேண்டும், குந்தி உட்காரும் வகை. படுப்பது பாயில்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தள்ளிப் போடுவது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. செயற்கை மூட்டில் தொற்று வந்தால் சில நேரம் மூட்டையே கழற்றி மறுபடி வைக்க வேண்டிவரும். அதோடு சர்க்கரை 9.1. அறுவை சிகிச்சை நிபுணர் 8-க்குக் கீழே வந்தால்தான் என்று உறுதியாக நின்றார். குடும்பத்துக்கு இது கசந்தது. மகன் வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று யோசித்ததும் தெரியும். கடைசியில் அவர்களை இருக்க வைத்தது எங்கள் வாதமல்ல; தறியில் ஏற்றியிருந்த பாவு, அதாவது நெய்து முடிக்க வேண்டிய நீளவாட்டு நூல். பாதியில் விட்டால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் நாள் குறிப்பதையே தொழிலின் காலண்டரைப் பார்த்துச் செய்தோம். தீபாவளிக்கான சேலைகளை ஆடிக்குள் முடித்துக் கொடுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும், நூல் நமத்துப் போகும்; எப்படியும் வேலை பாதிதான். ஆக, ஆவணியில் ஆபரேஷன் செய்தால் குணமாகும் மாதங்களும் தறி மந்தமாக ஓடும் மாதங்களும் ஒன்றாகிவிடும். ஆடியில் கத்தி வைக்க வேண்டாம் என்று அம்மா (அவருடைய மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதற்கும் இது ஒத்துவந்தது. மருத்துவக் காரணம் கேட்டால் கிடையாது. ஆனால் சர்க்கரை இறங்க இன்னும் ஒரு மாதம் கிடைத்ததில் எங்களுக்கு நஷ்டம் இல்லை.

அந்த ஐந்து மாதத்தில் வலி மாத்திரையை நிறுத்திப் பாரசிட்டமால் மட்டும். சர்க்கரை மருந்து மாற்றப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் மாதாமாதம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததால் விட்டுப் போகவில்லை. 2021-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு, அது பின்னால் உதவியது. ஆபரேஷனுக்கு முன்பே நான் கொடுத்த பயிற்சிகள் மூன்றே மூன்று: முழங்காலை நீட்டி முன்தொடையை இறுக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, வாக்கர் பிடித்து நடந்து பழகுவது. பத்துப் பதினைந்து கொடுத்தால் வீட்டில் ஒன்றுகூட நடக்காது என்பது என் அனுபவம்.

இரண்டு காலா ஒரு காலா என்பதில் பேச்சு நீண்டது. ஒரே தடவையில் இரண்டும் செய்வது நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குச் சௌகரியம்தான். ஒரே மயக்க மருந்து, ஒரே படுக்கை நாட்கள். ஆனால் ரத்த இழப்பும் இதயத்தின் மேல் விழும் சுமையும் அதிகம், சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தது. அதோடு வீடியோவில் பார்த்தபடி வலது கால்தான் அவரை ஒவ்வொரு முறையும் தூக்கி நிறுத்துகிறது. அந்த ஒரு நல்ல காலையும் சேர்த்துப் படுக்கவைத்தால் மனைவி ஒருவரால் சமாளிக்க முடியாது. இடது கால் மட்டும் என்று முடிவானது.

எந்த அளவுக்கு நேராக்குவது என்பது நிபுணரின் முடிவு. அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். 1970-களிலிருந்து பொதுவான இலக்கு, இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்குப் போகும் கோடு முழங்காலின் நடுவில் போக வேண்டும் என்பது. ஆனால் எல்லோருக்கும் கால் பிறப்பிலேயே அப்படி அமைவதில்லை. பெல்ஜியத்தில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுத் தொந்தரவே இல்லாத இளைஞர்களை அளந்தபோது ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 17 விழுக்காட்டினருக்கும் 3 டிகிரியோ அதற்கு மேலோ இயல்பாகவே வில்வளைவு இருந்தது. நம் நோயாளியின் வலது காலில் தேய்மானத்தைக் கழித்துப் பார்த்தாலும், எலும்பின் அமைப்பிலேயே கொஞ்சம் வளைவு இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அப்படிப்பட்ட காலை முழு நேராக்க உள்பக்க இணைப்பு நார்களை நிறைய தளர்த்த வேண்டியிருக்கும். அதனால் 14 டிகிரியைப் பூஜ்யமாக்காமல் 2, 3 டிகிரி வளைவை விட்டுவைப்பது என்று தீர்மானித்தார். அதற்கு மேல் விடவில்லை; செயற்கை மூட்டின் உள்பக்கத்தில் அதிகச் சுமை விழும் என்பதால். இந்த அணுகுமுறையால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் இல்லை என்பதையும் மகனிடம் மறைக்காமல் சொன்னார்.

மகனுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ரோபோ வைத்துச் செய்யலாமா? எங்களிடம் அந்த வசதி இல்லை. வேண்டுமென்றால் சென்னையில் உள்ள இடங்களுக்கு எழுதித் தருகிறோம் என்றோம். ரோபோ எலும்பை வெட்டும் துல்லியத்தைக் கூட்டுகிறது. அந்தத் துல்லியம் நோயாளியின் வலியிலும் நடமாட்டத்திலும் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது என்று இதுவரை உறுதிப்படவில்லை. அடுத்தது, “ஹை-ஃப்ளெக்ஸ் போட்டா கீழ உக்காரலாமாமே?” அதிகம் மடங்கும்படி வடிவமைத்த மூட்டைத்தான் கேட்கிறார். செலவு இதில் தடையே அல்ல. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை நிர்ணயித்தபோது சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு ரூ.54,720, ஹை-ஃப்ளெக்ஸுக்கு ரூ.56,490 என்றுதான் வைத்தது. ஆபரேஷனுக்குப் பின் கால் எவ்வளவு மடங்கும் என்பதை மூட்டின் ரகத்தைவிட ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. இவருக்கு முன்பே 105தான். அதோடு, தறிக்கு வேண்டியதே 95, 100. எனவே சிமென்ட் வைத்துப் பொருத்தும் வழக்கமான மூட்டு. பின் குறுக்கு நாரை எடுத்துவிட்டு அதன் வேலையைத் தானே செய்யும் ரகம். மடங்கி இறுகிப்போன காலை முழுதாக நீட்ட அது சுலபம் என்பது காரணம்.

குழியை நீட்டியது

இந்த ஆய்வில் வேறு எதைவிடவும் பயனுள்ளதாக நான் நினைப்பது இந்தப் பகுதிதான், இதற்கும் அறுவை அரங்குக்கும் சம்பந்தமே இல்லை.

புது மூட்டின் மேல் தினமும் பத்து முறை மண்டியிட்டு எழுவது சரிப்படாது. மண்டியிட்டால் மூட்டு கெட்டுவிடும் என்றில்லை; தழும்பின் மேல் எடை விழுந்தால் பெரும்பாலோருக்குத் தாங்காது. ஆக, மண்டியிடாமல் தறியிலிருந்து எழ ஒரு வழி வேண்டும். முதலில் இருக்கைப் பலகையை உயர்த்தலாம் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். பலகையை ஏற்றினால் தொடை கட்டையில் இடிக்கும், நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓடுவதைக் குனிந்து பார்க்க வேண்டும், கை எட்டாது. நான்கு விரல்கட்டைக்கு மேல் ஏற்ற முடியாது என்றார். உத்திரத்தில் கயிறு கட்டிப் பிடித்து எழலாமா என்றேன். தோள் வலி வேறு வரும், வேண்டாம் என்றார்.

வழியை அவரேதான் கண்டுபிடித்தார். குழியை வலப்பக்கம் ஒன்றரை அடி நீட்டிவிட்டால், பலகை மேலேயே வலது பக்கம் நகர்ந்து, கட்டை குறுக்கே இல்லாத இடத்தில் குழிக்குள்ளேயே எழுந்து நிற்கலாம். நாற்காலியிலிருந்து எழுவது போலத்தான். பிறகு படி ஏறி வெளியே வர வேண்டும். குழி சுமார் இரண்டடி ஆழம்; மூன்று படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். நான் சேர்த்ததெல்லாம் ஒரு கைப்பிடிக் குழாயும் படி விளிம்பில் சொரசொரப்பான பூச்சும்தான். ஆடியில் பாவு முடிந்து தறி காலியான வாரத்தில் கொத்தனார் வந்து செய்துவிட்டார். மழை நீர் ஊறாமல் சிமென்ட் பூச்சும் கொடுத்தார்கள்.

அன்றே அவரைப் புதுப் படியில் ஏறி இறங்கப் பழகச் சொன்னேன்: ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில். ஆபரேஷனுக்கு முன்பே பழகியதால் பிறகு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கழிப்பறையில் குந்தும் பேசின் மேல் வைக்கும் கமோடு நாற்காலி, படுக்க ஒரு கட்டில், இரவுக்கு யூரின் பாட்டில். இவ்வளவும் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் வந்துவிட்டன.

அறுவை சிகிச்சை

ஆவணி இரண்டாம் வாரம். மூன்று மாத சர்க்கரைச் சராசரி 7.6, கிரியாட்டினின் 1.2. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் மயக்க மருந்து. தொடையின் உள்பக்கம் நரம்பு மரப்பு ஊசி; முன்தொடைத் தசையின் பலத்தைப் பெரும்பாலும் கெடுக்காமல் வலியை மட்டும் தணிப்பது என்பதால் அன்றே நடக்க வைக்க வசதி. சிறுநீரகத்துக்காக வழக்கமான வலி மருந்துகள் தவிர்க்கப்பட்டன. ரத்தக்கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மேசையில் கால் முழுதாக நீண்டது, 115 வரை மடங்கியது. சாயங்காலம் வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவு வரை போய் வந்தார். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

குணமான கதை

தையல் பிரிக்க வந்த அன்று புண் சுத்தமாக இருந்தது. மடக்கமும் 80 வந்திருந்தது. ஆனால் கால் நீளவில்லை. 10 டிகிரி மடங்கியே நின்றது. மேசையில் நேராக நீண்ட கால் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் தலையணை. ராத்திரி வலிக்கிறது என்று அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறார். வைத்ததும் வலி குறையும், உண்மைதான். மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. ஆனால் வருடக்கணக்கில் மடங்கி இறுகிய காலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. நீட்ட முடியாத கால் சற்றே குட்டையான கால். நடக்கும்போது முன்தொடை ஓய்வே இல்லாமல் உழைக்கும். மடக்கத்தில் பத்து டிகிரி குறைந்தால் பலருக்கும் தெரிவதில்லை, நீட்டுவதில் பத்து குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும். தலையணை கூடாது என்பது நாங்கள் கொடுத்த அச்சடித்த தாளில் ஆறாவது வரியில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

சாப்பாட்டிலும் ஒரு சங்கதி. முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிட்டார்கள், புண் சீழ் பிடிக்கும் என்று. இரண்டு வேளையும் ரசம் சாதம். புண் ஆறவும் தசை வளரவும் வேண்டிய புரதத்தை எடுத்துவிட்டு, சர்க்கரையை ஏற்றும் சோற்றை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கடிந்து பேசிப் பயனில்லை. அவர் அக்கறையோடு செய்தவைதான் இரண்டுமே. “அம்மா, சீழ் பிடிக்க வைக்கிறது சர்க்கரைதான், பருப்பு இல்லை” என்று வீட்டுக் குளுக்கோமீட்டரில் ரசம் சாதத்துக்குப் பின் அளந்து காட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அவரே புரிந்துகொண்டார். அடுத்த நாளிலிருந்து முட்டையும் சுண்டலும்.

காலை நீட்டுவதற்கு, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தொங்கவிடும் பயிற்சி. வலிக்கும், அலுப்பாகவும் இருக்கும். கடிகாரம் பார்த்து ஒரு மணிக்கு ஒருமுறை என்றால் நடக்காது என்று தெரியும். அம்மா அப்போது பக்கத்துத் தறிக்காரருக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடை நிறையும்போதெல்லாம் அவர் குரல் கொடுப்பது, இவர் துண்டை வைத்துப் படுப்பது என்று அவர்களே ஒரு முறையை வைத்துக்கொண்டார்கள். அடுத்த கூடை பாதி நிறையும் வரை எழக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறையாளர் வீட்டுக்கு வந்தபோது, அந்த ஒரு அளவை மட்டும் கவனியுங்கள் என்று குறிப்பு அனுப்பியிருந்தேன்.

ஆறாம் வாரம்: நீட்டுவதில் குறை 5, மடக்கம் 95. மடக்கம் 90-ஐத் தாண்டாமல் நின்றிருந்தால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதைப் பற்றிப் பேசியிருப்போம், தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம்: குறை 2, மடக்கம் 108. அதற்கு மேல் போகவும் இல்லை.

தறிக்குத் திரும்பியது

மழை ஓய்ந்து பதினான்காம் வாரத்தில் முதல் தடவை தறியில் உட்கார்ந்தார். காலை இரண்டு மணி நேரம் மட்டும். இடது மிதி சீக்கிரம் சோர்ந்தது. முன்தொடைக்கு இன்னும் பலம் போதவில்லை. மிதிக்கயிற்றைக் கொஞ்சம் மாற்றிக் கட்டி இடது மிதியின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டார். இதைப் பற்றி எனக்குச் சொல்லக்கூட இல்லை. அடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். ஆறாம் மாதம் முழு நாள் வேலை. படி ஏறி வருவதால் மண்டியிடல் முழுவதுமாக நின்றுவிட்டது. சிறுநீருக்காக எழுவது ஒரு நாளில் நான்கைந்தாகக் குறைந்துவிட்டது. இதற்கு மூட்டு காரணமல்ல, சர்க்கரைதான்.

ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் ஆறாம் மாதம் 36, ஒரு வருடத்தில் 39. சர்க்கரைச் சராசரி ஒரு வருட முடிவில் 7.4. எக்ஸ்ரேயில் கால் 3 டிகிரி வளைவோடு, மூட்டு அசையாமல் பொருந்தியிருக்கிறது.

கிடைக்காதவையும் உண்டு. பந்தியில் இலை முன்னால் தரையில் உட்கார முடியவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததை அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போய் இருக்கிறது. தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் இது பலருக்கும் வரும். காலப்போக்கில் குறையலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. நீண்ட தூர பஸ் பயணத்துக்குப் பின் கால் வீங்குகிறது.

எங்கள் நடைமுறையில் மாறியவை

முதல் சந்திப்பிலேயே வேலை செய்யும் வீடியோவைக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் அது வேண்டாம். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவருக்குக் கழிப்பறையும் வாசல் படியும் தெரிந்தால் போதும். ஆனால் பூ கட்டுபவர், தச்சர், வயலில் நாற்று நடுபவர் என்றால் ‘தரையில் வேலை’ என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை டிகிரி, எத்தனை தடவை, எதைப் பிடித்து எழுகிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அச்சடித்த தாளை நிறுத்தவில்லை. அதற்கு மேல் நோயாளியின் காலுக்கு ஏற்றபடி ஒரே ஒரு வரியைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுக்கிறோம். மடங்கி இறுகிய கால் என்றால் ‘முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்’. மடக்கம் குறைந்த கால் என்றால் வேறு வரி. யார் பராமரிக்கப் போகிறாரோ அவரிடமே கொடுக்கிறோம், நோயாளியிடம் அல்ல. ஐந்தாம் நாள் ஒரு போன், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும். தையல் பிரிக்கும் வரை காத்திருந்தால் இவருக்கு நடந்தது போல இரண்டு வாரம் போய்விடும்.

வலது கால்? ஒரு வருடத்துக்குப் பிறகு அதன் வளைவு அப்படியே இருக்கிறது, வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மண்டியிடும்போது தூக்கி நிறுத்தும் சுமை இப்போது அதற்கு இல்லை. படி ஏறும்போது முதலில் போவது மட்டும் அதுதான். இன்னும் நான்கைந்து வருடம் பயிற்சியோடு ஓட்டலாம் என்பது என் கணிப்பு, இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டிவரும் என்பது அறுவை சிகிச்சை நிபுணரின் கணிப்பு. அடுத்த ஆடியில் பாவு முடிந்ததும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறது.